சிக்லிட் தொட்டியில் கல் சரிந்துவிட்டது: மணலையும் கல்லையும் முதலிலிருந்து எப்படி வைப்பது?

கொழிஞ்சாம்பாறை மஞ்சள்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். அதனால் மீன் சந்தேகத்தையும் இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தேன். பாலக்காட்டுக் கடையில் ஒன்று சொன்னார்கள், பொள்ளாச்சிக் கடையில் அதற்கு நேர் எதிராகச் சொன்னார்கள். வளர்க்கிறவர்கள் யாராவது சொன்னால் தெளிவாக இருக்கும்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி. மீன்கள் எல்லாம் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி வகைச் சிக்லிட். மஞ்சள் லேப் எட்டு, சிவப்பு ஜீப்ரா ஐந்து. சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில் வந்தவை, இப்போது இரண்டரை அங்குலம் இருக்கும். தண்ணீர் எங்கள் போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். மீட்டரில் 1,050, பி.எச். 8.2. இட்லிப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படியுமே, அந்தத் தண்ணீர்.

வீடு கட்டி மிச்சம் கிடந்த எம்-சாண்டை நாலைந்து தடவை அலசி, மூன்று அங்குலத்துக்குப் பரப்பினேன். அதன்மேல் கல் அடுக்கினேன். கல் மூன்று வகை: தோட்டத்து வரப்பில் கிடந்த வெங்கச்சங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ்), பாட்டன் காலத்து மாட்டுக் கொட்டகையை இடித்தபோது எடுத்து வைத்த கருங்கல், கரிசல் காட்டில் உழும்போது கொழுவில் மாட்டுமே அந்தச் சுக்கான்கல். பின்கண்ணாடியோடு சாய்த்து, குகை குகையாக, பார்க்க நன்றாகவே இருந்தது. ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு 'டம்' என்று ஒரு சத்தம். அம்மா படுத்தபடியே, "தேங்காய் விழுந்திருக்கும், காலையில் எடுத்துக்கலாம்" என்றார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. லைட்டைப் போட்டுப் பார்த்தால், உச்சியில் வைத்த வெங்கச்சங்கல் முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி உடையவில்லை, விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அடியில் ஒரு சிவப்பு ஜீப்ரா நசுங்கிப்போயிருந்தது. அடிக்கல்லைத் தூக்கிப் பார்த்தேன், அதன் கீழே மணலே இல்லை. பெரிய ஆண் ஒன்று வாய் வாயாக அள்ளிக்கொண்டு போய் மூலையில் மேடு கட்டியிருக்கிறது!

மீன்கள் இப்போது நீல டிரம்மில். தொட்டி காலி. மறுபடி வைப்பதற்கு முன் கேட்கிறேன். கல்லை சிலிகான் வைத்து ஒட்டிவிட வேண்டுமா? இந்த எம்-சாண்ட் சரிதானா? சுக்கான்கல்லில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைக்கிறது, அது மீனுக்கு ஆகுமா ஆகாதா? ஒரு கடையில் நல்லது என்கிறார்கள், இன்னொரு கடையில் விஷம் என்கிறார்கள். அப்புறம், 10 மி.மீ. கண்ணாடி எவ்வளவு கல் தாங்கும்?

பெரிந்தல்மண்ணை தமிழன்

தம்பி, கடையில் பவளக்கல்லும் பவள மணலும் வாங்கிப் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும். நான் இங்கே துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், மாடியில் மூன்றடித் தொட்டி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பி.எச். 6.3. பவளத்தூள் போடாமல் விட்டால் ஆப்பிரிக்க சிக்லிட் ஒரு மாதத்தில் நிறம் வெளுத்துப் போகிறது.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். வெட்டுக்கல் போடாதீர்கள். பார்க்க ஓட்டை ஓட்டையாக, மீன் ஒளிந்துகொள்ள அழகாக இருக்கிறதே என்று நான் நாலு துண்டு வைத்தேன். பத்து நாளில் தொட்டி கட்டன் சாயா நிறம். கையால் நிமிண்டினால் உதிர்கிறது. இங்கே பக்கத்து அங்காடிப்புறத்தில்தான் 1807-ல் புக்கானன் என்கிற வெள்ளைக்காரர் அந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று பேர் வைத்தாராம், நினைவுத்தூண் கூட நிற்கிறது. வீடு கட்ட நல்ல கல், மீனுக்கு வேண்டாம்.

வேலந்தாவளம் கல்கட்டு

தம்பி, ஒரு மீன் போனது வருத்தம்தான். ஆனால் கண்ணாடி நின்றதே, அது உங்கள் நல்ல நேரம். அத்தனை தண்ணீரும் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குள் வந்திருந்தால் அம்மா தேங்காய் என்று திரும்பிப் படுத்திருக்க மாட்டார்கள்.

நான் கல்கட்டு வேலைக்காரன். வரப்புக்கும் கிணற்றுக்கும் சிமெண்ட் இல்லாமல் கல் அடுக்கிக் கட்டுகிறவன். மீன் வளர்ப்பது பதினொரு வருடமாக. அதனால் மருந்து, ஃபில்டர் பற்றியெல்லாம் என்னைக் கேட்காதீர்கள், கல்லைப் பற்றிக் கேளுங்கள்.

உங்கள் தப்பு ஒன்றே ஒன்றுதான். மணலைப் போட்டுவிட்டு அதன்மேல் கல் வைத்தீர்கள். சிக்லிட் தோண்டுகிற சாதி. நம்ம ஜிலேபி மீனும் சிக்லிட்தான், தெரியுமா? ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்து விட்டது. சின்ன வயதில் சித்திரை வெயிலுக்கு வாளையாறு அணை வற்றும்போது போய்ப் பார்த்திருக்கிறேன். சேற்றுத் தரையில் வட்ட வட்டமாகக் குழி, தோசைக்கல் அளவில் சில, அண்டா அளவில் சில, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். யானை நடந்த தடம் என்று நினைத்துப் பயந்தேன். அப்பாதான் சொன்னார், ஆண் ஜிலேபி பெட்டையைக் கூப்பிடப் பறித்த குழி என்று. அந்தக் குழியைப் பார்த்தவன் எவனும் மணல் மேல் கல் வைக்க மாட்டான். மலாவி மீன் அளவில் சின்னது, புத்தி அதே புத்தி.

ஆகவே முதலில் கல், அப்புறம் மணல். அடிக்கல் நேராக அடிக்கண்ணாடி மேல் உட்கார வேண்டும். அதைச் சுற்றித்தான் மணல். மீன் எவ்வளவு அள்ளினாலும் கண்ணாடியைத்தான் தொடும், கல் இறங்க இடமே இருக்காது.

கண்ணாடி மேல் கல்லா என்று பயப்படாதீர்கள். கண்ணாடிக்கு எடை பெரிய விஷயம் இல்லை, கூர்முனைதான் விஷயம். பத்து கிலோ கல் உள்ளங்கை அகலத்தில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. அதே கல் ஒரு கூர்முனையில் நின்றால், அதன்மேல் இன்னொரு கல் தட்டினால், விரிசல். நான் செய்வது இதுதான்: அடிக்கல்லைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியைத் தொடப்போகும் மூன்று இடங்களில் சிலிகானைப் புளியங்கொட்டை அளவுக்குப் பொட்டு வைப்பேன். இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய வேண்டும். காய்ந்தால் கல்லுக்கு ரப்பர் செருப்பு மாட்டியதுபோல ஆகிவிடும். கண்ணாடியோடு ஒட்டாது, கீறாது, வழுக்காது. சிலர் கீழே தெர்மோகோல் விரிப்பார்கள். தெர்மோகோல் தொட்டிக்கு வெளியே, ஸ்டாண்டுக்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவில் இருப்பதுதான் சரி. உள்ளே போட்டால் மீன் தோண்டிக் கொத்தி, வெள்ளை மணி மணியாக மேலே மிதக்கும். பார்த்துவிட்டேன்.

அடுக்குகிற முறை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கல் எப்போதும் மூன்று இடத்தில் உட்கார வேண்டும். முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும். ஒவ்வொரு கல்லையும் வைத்த பிறகு ஒரு விரலால் நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் எடுத்துத் திருப்பி வையுங்கள். சில்லுக்கல் சொருகிச் சரிக்கட்டாதீர்கள். வரப்பில் சில்லு சொருகலாம், அங்கே பிடுங்க ஆள் இல்லை. தொட்டியில் சில்லைப் பிடுங்குவதற்கென்றே பன்னிரண்டு மீன் வேலைக்கு இருக்கிறது.

மூட்டு மேல் மூட்டு வரக்கூடாது. கீழே இரண்டு கல் சேருமிடத்தின் மேல் மூன்றாவது கல்லின் வயிறு வர வேண்டும். கொத்தனார் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

பெரிய கல் கீழே, சின்னது மேலே. இது குழந்தைக்கும் தெரியும், ஆனால் எல்லோரும் அழகான கல்லைத்தான் உச்சியில் வைக்கிறார்கள், அழகான கல் பெரும்பாலும் பெரிய கல்லாக இருந்து தொலைக்கிறது. உங்கள் வெங்கச்சங்கல் அப்படித்தான் போயிருக்கும்.

பின்கண்ணாடியில் சாய்க்காதீர்கள். வரப்புச் சுவரை எப்படி உள்பக்கம் சாய்த்துக் கட்டுவோமோ, அதுபோலக் குவியல் தன் நடுவிலேயே சாய வேண்டும். பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு: மீன் கழிவு கல்லுக்குப் பின்னால்தான் ஒதுங்கும். காற்றுக் குழாயோ பவர்ஹெட் என்கிற சின்ன மோட்டாரோ பின்னால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தால் அழுக்கு முன்னால் வந்து ஃபில்டருக்குப் போய்விடும். நம்ம தண்ணீரில் இது முக்கியம். பி.எச். எட்டுக்கு மேல் போனால் அதே அளவு அமோனியாவிலும் மீனைக் கொல்கிற பங்கு கூடிவிடும். சூட்டிலும் கூடும். சித்திரையில் நம்ம வீட்டுத் தண்ணீர் எவ்வளவு சூடு என்று உங்களுக்குத் தெரியும்.

அடுக்கி முடித்ததும் தொட்டி காய்ந்திருக்கும்போதே ஸ்டாண்டை லேசாகத் தட்டிப் பாருங்கள். கருங்கல் தண்ணீருக்குள் போனால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். எடை குறைந்தால் பிடிமானமும் குறையும், போதாததற்குப் பாசி வேறு பிடிக்கும். வெளியே "கொஞ்சம்தான் ஆடுகிறது" என்கிற கல் உள்ளே கட்டாயம் ஆடும்.

இனி எந்தக் கல். மலாவி ஏரிக்கரையில் சுண்ணாம்புப் பாறை இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கே கரையில் கிடப்பது பெரும்பாலும் உருண்டு திரண்ட கருங்கல் வகைப் பாறைதான். படத்தைப் பார்த்தபோது நம்ம பாலக்காட்டுக் குன்றின் அடிவாரம் மாதிரியே இருந்தது எனக்கு. அந்த ஊர்ப் பேச்சில் 'ம்புனா' என்றால் பாறையில் வாழும் மீன் என்று அர்த்தம். உங்கள் மஞ்சளும் சிவப்பும் அந்தக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்கிற மீன். ஆகவே உங்கள் பாட்டன் கொட்டகைக் கருங்கல்தான் முதல் தரம். வழுவழுப்பான கல்லைவிடச் சொரசொரப்பில் பாசி நன்றாகப் பிடிக்கும்.

வெங்கச்சங்கல்லால் தண்ணீருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் உடைந்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். துரத்தல் நடக்கிற தொட்டியில் மீன் உரசிக்கொள்ளும். விளிம்பை இன்னொரு கல்லில் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

சுக்கான்கல் விஷம் இல்லை. நுரைப்பது சுண்ணாம்பு, அவ்வளவுதான். மென்தண்ணீரில் வாழ்கிற டிஸ்கஸ், ராம் வளர்க்கிறவர் அதைத் தொடக்கூடாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அதே சமயம் பிரயோசனமும் இல்லை. உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்து, பி.எச். 8.2-ல் நிற்கிறது. அதில் இந்தக் கல் மேற்கொண்டு கரைவதே அபூர்வம். பெரிந்தல்மண்ணை அண்ணனுக்குப் பவளத்தூள் தேவை, அது மழை கழுவிய மண்ணின் தண்ணீர். நமக்குத் தேவையில்லை. கேரளாவிலேயே கரிசல் மண் நம்ம சித்தூர் தாலுகாவில்தான், தண்ணீரும் அப்படி. பார்க்கப்போனால் மலாவி ஏரித் தண்ணீரே நம்ம போர் தண்ணீர் அளவுக்கு உப்பு ஏறியது இல்லை, பி.எச். மட்டும்தான் எட்டையொட்டி நிற்கும். சுக்கான்கல்லை நான் வேண்டாம் என்பது வேறு காரணத்துக்கு: உள்ளே களிமண் இருக்கும், ஊறினால் உதிரும். எடை தாங்குகிற இடத்தில் வைத்தால் ஒரு நாள் மாவாகும்.

துருக்கோடு ஓடுகிற கல், உள்ளே பித்தளை மாதிரி மினுக்குகிற கல் இரண்டும் தள்ளுபடி. தக்காளித் தோட்டத்து வரப்புக் கல்லாக இருந்தால் மருந்து அடித்திருப்பார்கள். பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டு, வெயிலில் காயவையுங்கள். அடுப்பில் வைத்து வேகவைக்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் கல் வெடிக்கும்.

மணல் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். கை வலிக்கிறது.

மீனாட்சிபுரம் பீக்காக்

கல்கட்டு அண்ணா எழுதியதில் கல்லுக்கு நான் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. மணலை எனக்கு விட்டு வைத்திருக்கிறார், சொல்கிறேன். நான் வளர்ப்பது பீக்காக், அது மணல் மீன். வாயில் மணலை அள்ளி, சலித்து, செவுள் வழியாக விடும். அதனால் மணல் என் உயிர்.

எம்-சாண்ட் கல்லை உடைத்து எடுப்பது. ஆற்று மணல்போல உருண்டிருக்காது, ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கும். கான்கிரீட் எம்-சாண்டில் கிட்டத்தட்ட 5 மி.மீ. வரைக்கும் பருக்கை கலந்திருக்கும். உங்கள் மீனுக்கு அது சாவு இல்லை, பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் மாவுத்தூசி நாலைந்து அலசலில் போகாது. பதினைந்து தடவை ஆகும். கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் போட்டு, அடியிலிருந்து கையால் கலக்கி, மேல் தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி களைகிற மாதிரிதான், என்ன, ஒரு கல்யாணத்துக்கான அரிசி.

இருப்பதை வைத்தே செய்வதானால், கோதுமை சலிக்கிற சல்லடையில் சலித்துப் பருக்கையைத் தள்ளிவிடுங்கள். பூச்சுக்கு வாங்குகிற பி-சாண்ட் இதைவிடச் சன்னம், ஆனால் தூசி இன்னும் அதிகம். பழைய வீட்டில் ஆற்று மணல் மிச்சம் கிடந்தால் அதுதான் தங்கம். ஆற்றில் போய் அள்ளிவிடாதீர்கள். கேரளாவில் 2001-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒரு சாக்கு அள்ளினாலும் கேஸ்தான். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை மணலும் வேண்டாம். கருமணல் கலந்திருக்கும். அந்தக் கரும்பொடி மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டி, சுழலியைத் தின்றுவிடும். எந்த மணலாக இருந்தாலும் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள்.

மூன்று அங்குலம் அதிகம். உங்கள் தொட்டிக்கு இரண்டு அங்குலம் போதும், சுமார் 40 கிலோ வரும். ஃபில்டர் உறிஞ்சும் குழாய் மணலிலிருந்து அரையடி மேலே இருக்கட்டும், நுனியில் பஞ்சு மாட்டுங்கள்.

பெரிந்தல்மண்ணை அண்ணா, பவளக்கல் விஷயம் கொஞ்சம் கவனம். கடல் பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கிற பாதுகாப்பு அதற்கும். விற்பதும் வாங்குவதும் வம்பு. உங்களுக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்துதானே? கோழித் தீவனக் கடையில் கிளிஞ்சல் குருணை கிலோக்கணக்கில் கிடைக்கும். ஒரு கொசுவலைப் பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள், வேலை முடிந்தது.

கல்கட்டு அண்ணாவோடு ஒரே ஒரு சண்டை. உச்சிக்கல்லையாவது சிலிகான் வைத்து ஒட்டுவதில் என்ன தப்பு? வீட்டில் சின்னப் பிள்ளைகள் தொட்டியைப் பிடித்து ஏறுகிறார்கள்.

இன்னொன்று, மஞ்சள் லேபும் சிவப்பு ஜீப்ராவும் ஒரே தொட்டியில் இருந்தால் கலந்து குஞ்சு போடும். போட்டால் யாருக்கும் சுத்த மஞ்சள் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.

வேலந்தாவளம் கல்கட்டு

சண்டை எல்லாம் இல்லை அம்மணி. உச்சிக்கல்லை அதன் கீழ்க்கல்லோடு ஒட்டலாம், இரண்டு கல்லும் நன்றாகக் காய்ந்திருந்தால். வினிகர் வாசம் வருகிற சாதாரணக் கண்ணாடி சிலிகான் எடுக்க வேண்டும். குளியலறைக்கு என்று பூஞ்சைக்கொல்லி சேர்த்து விற்பது மீனுக்கு ஆகாது. கல்லுக்கு நடுவே தடியாக வைத்தால் ஒரு நாளில் உள்ளே காயாது, ஒரு வாரம் விடுங்கள். வாசம் போகாமல் தண்ணீர் விடக்கூடாது.

நான் முழுக் குவியலையும் ஒட்டாதது ஏன் என்றால், ஒட்டினால் பிரிக்க முடியாது. ஒரு முரட்டு ஆண் குவியலையே பட்டா போட்டுக்கொண்டு மற்றவற்றைக் கிழிக்கும் நாள் வரும். அன்றைக்குக் கல்லை இடம் மாற்றிவிட்டால் எல்லா மீனுக்கும் ஊர் புதிது. சண்டை ஒரு வாரம் ஓய்ந்து, எல்லைக்கல் மறுபடி நடப்படும். நம்ம ஊர் நில அளவை மாதிரி.

அம்மணி, உங்கள் வீட்டில் முன்பு கரிமீன் வளர்த்தீர்களே, அது இருக்கிறதா?

மீனாட்சிபுரம் பீக்காக்

இருக்கிறது அண்ணா, தனித் தொட்டியில். கேரள அரசு 2010-ல் மாநில மீன் என்று அறிவித்ததிலிருந்து வீட்டுக்காரர் அதைக் குழம்பு வைக்கவிடுவதில்லை, மரியாதையாம். அதுவும் சிக்லிட்தான், ஆனால் குணம் வேறு. மலாவி மீன்போல முட்டையை வாயில் வைத்துக்கொள்ளாது. கடினமான எதிலாவது ஒட்டும், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து காவல் நிற்கும். அதற்கு மலை மாதிரிக் கல் வேண்டியதில்லை, ஒரு தட்டைக் கல்லை நிமிர்த்தி வைத்தேன், அதோடு சரி. தம்பி, அதை மலாவி மீனோடு போட்டுவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மஞ்சள்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். முன்கண்ணாடிக் கீறல் பரவாயில்லையா? கல் எத்தனை கிலோ வரை போகலாம்?

வேலந்தாவளம் கல்கட்டு

கீறல் மேலோடு நிற்கிறதா, உள்ளே விரிசலாக ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஓடினால் கண்ணாடியை மாற்றுங்கள், யோசிக்க வேண்டாம். மேலோடு என்றால் வாசலில் வைத்து, முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். உடைந்தால் தென்னைக்குப் பாயும்.

என் நாலடித் தொட்டியில் 60 கிலோ இருக்கிறது. அதற்கு மேல் போட இடமும் இல்லை. மணல், கல், கண்ணாடி, தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 350 கிலோ பக்கம் வரும், ஆகவே ஸ்டாண்டுக்கு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் கல் என்ன அழகாக அடுக்கினாலும் வீண். இன்னொன்று, மருந்து ஊற்றும்போது 255 லிட்டர் என்று கணக்குப் போடாதீர்கள். கல்லும் மணலும் பிடித்த இடம் போக, மேலே விட்ட இரண்டு அங்குலம் போக, உள்ளே இருப்பது 190 லிட்டர்தான்.

கொழிஞ்சாம்பாறை மஞ்சள்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். கீறல் மேலோடுதான், தொட்டி வாசலில் ஒன்பது நாள் நின்றது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, "இதிலே எப்போ மாடு தண்ணி குடிக்கும்?" என்று கேட்டார்.

கொட்டகைக் கருங்கல் மட்டும் 54 கிலோ. வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன். அடிக்கல் ஏழு, ஏழுக்கும் சிலிகான் பொட்டு. அடுக்கிப் பிரித்து, அடுக்கிப் பிரித்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் இரண்டு குவியலாக வைத்தேன், இடதில் உயரமாக ஒன்று, வலதில் தாழ்வாக ஒன்று, நடுவில் வெறும் மணல். எம்-சாண்டை மாவு சல்லடையில் சலித்துப் பதினெட்டுத் தடவை அலசினேன். அம்மா கணக்கு வைத்திருந்தார்கள், தண்ணீர் முழுக்க வாழைக்குப் போனது.

பழைய ஆண் இரண்டாம் நாளே வேலையைத் தொடங்கிவிட்டது. இடது குவியலின் அடியில் கண்ணாடி தெரிகிற அளவுக்குத் தோண்டிவிட்டது. கல் அசையவில்லை. அது கண்ணாடியையே கொஞ்ச நேரம் கொத்திப் பார்த்துவிட்டு, இப்போது வலது பக்கம் தோண்டப் போயிருக்கிறது.

ஒரு புதுச் செய்தி. மஞ்சள் பெட்டை ஒன்று பன்னிரண்டு நாளாகத் தீனி தொடவில்லை. தாடை உப்பியிருக்கிறது, வாயை மென்றுகொண்டே இருக்கிறது. வாயில் முட்டை வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இடது குவியலின் நடுக்குகையை விட்டு வெளியே வருவதில்லை. குஞ்சைப் பிழைக்கவைக்கத் தனியாக எடுக்க வேண்டுமாமே, இதற்காகக் கல்லைப் பிரிக்க வேண்டுமா அண்ணா? மூன்று ஞாயிற்றுக்கிழமை போட்ட உழைப்பு!

வேலந்தாவளம் கல்கட்டு

கல்லைத் தொடாதீர்கள். மூன்று வாரம் வாயில் வைத்திருக்கும், இன்னும் நாள் இருக்கிறது. பதினெட்டாம் நாள் ராத்திரி லைட்டை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சும் இரண்டு வலையும் எடுத்துக்கொண்டு போங்கள். இருட்டில் மீன் மந்தமாக இருக்கும், குகை வாசலில் ஒரு வலையைப் பிடித்துப் பின்பக்க இடைவெளியில் இன்னொரு வலையின் காம்பை விட்டு மெதுவாகத் தள்ளினால் தானாக வரும். அந்த நாலு விரல் இடைவெளி விட்டீர்கள்தானே?

கொழிஞ்சாம்பாறை மஞ்சள்

மூன்று விரல்தான் விட்டேன் அண்ணா.

மீனாட்சிபுரம் பீக்காக்

காம்பு சன்னமான வலையாகப் பார்த்து வாங்குங்கள் தம்பி.